ஏகமனதாகத் தோற்ற ரோல்ஸ்

அபிரா, யது, வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் நீங்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, இப்போது அதில் நான் தலையில் வெள்ளை விக் போட்டிருந்தேன் என்றும் வந்துவிட்டது. நான் விக் போடவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. மற்றப்படி நீங்கள் சொல்வது அநேகமாக உண்மைதான். ஆனாலும் அவமானப்பட்டவன் வாயாலேயே ஒருதரம் கேளுங்கோ.

லண்டன் மோர்டனில் நீங்கள் போன சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நிர்வாகக் குழுக் கூட்டம் என்றால், பாதி நேரம் சாப்பாட்டுச் சண்டையிலேயே போய்விடும். களைத்துப்போன பள்ளி அதிபர் ஒருநாள் சொன்னார்: "ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் கொஞ்ச அதிகாரத்தைப் பிரிச்சுக் குடுத்தமாதிரி நாங்களும் குடுப்பம். சோதனையும் வீட்டுப்பாடமும் எங்களோட இருக்கட்டும். இடைவேளையும் சாப்பாடும் பிள்ளையளும் பெற்றோரும் சேர்ந்த ஒரு சபைக்குப் போகட்டும்."

சபை என்றால் சபாநாயகர் வேண்டும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். (பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அப்படியொரு பதவி பிறகு எப்ப கிடைக்கும்?)

அந்தக் கிழமை முழுக்க வேலையால் வந்ததும் அந்தப் பாராளுமன்றங்களின் கூட்டங்களை டிவியில் போட்டுப் பார்த்தேன். அது உங்கள் அம்மா நாடகம் பார்க்கிற நேரம். "ஆர் இந்தச் சனம்? ஒருத்தரும் அழயில்லை, ஒருத்தரும் கலியாணம் கட்டயில்லை" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனா. நான் அசையவில்லை. சபாநாயகர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, இரண்டு பக்கமும் சமமாக வந்தாலொழிய அவருக்கு வோட்டு இல்லை என்று படித்தேன். வாக்கெடுப்புக்கு மணி அடிக்கும். முடிவை அவர் அறிவித்தால் அறிவித்ததுதான். மணிக்கு எங்கே போவது என்று யோசித்து, சாமியறை மணியை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தேன்.

முதல் கூட்டத்தின் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தது அபிரா, நீ. இடைவேளைக்கு ரோல்ஸை நிற்பாட்டி பீட்சா வேண்டும் என்று.

கிழங்குக் கறி வைத்துச் சுருட்டி, பாண்தூளில் பிரட்டிப் பொரிக்கிற அந்த ரோல்ஸ் அம்மா செய்வது. கிழமை நாட்களில் அம்மா பெட்டிகள் அடுக்குகிற ஒரு பேக்கிங் வேலையில் நின்றா. அங்கே அவவின் பெயரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. சனிக்கிழமை மட்டும் முழுப் பள்ளிக்கூடமும் "ரோல்ஸ் அன்ரி, ரோல்ஸ் அன்ரி" என்று பின்னால் வரும். பீட்சா வந்தால் அது போய்விடும். அம்மா பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"மாண்புமிகு சபாநாயகர் அப்பா" என்று நீ தொடங்கினாய்.

சபாநாயகரின் சுத்தியலுக்குப் பதிலாக நான் கொண்டுபோன அகப்பையால் மேசையில் தட்டினேன். "இந்தச் சபையில நான் அப்பா இல்லை."

"அப்ப என்னை ஆர் வீட்டை கூட்டிக்கொண்டு போறது?"

சபை சிரித்தது. சிரிப்பை நிற்பாட்ட அகப்பையின் தலை கழன்று போகும்வரை தட்ட வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமைப் பின்னேரம் என்ர பிரெண்ட்ஸ் எல்லாரும் வெளிய போகினம். நான் ரோல்ஸுக்குப் பாண்தூள் பிரட்டிக்கொண்டு நிக்கிறன். இது சைல்ட் லேபர்" என்றாய். (சொந்த வீட்டுக் குசினியைச் சபைக்குக் கொண்டுவருவாய் என்று நான் நினைக்கவில்லை.)

எதிர்த்துப் பேசியவர் முன்வரிசைச் சிவம் அண்ணை. "பீட்சா ஆறினால் செருப்பு. ரோல்ஸ் ஆறினாலும் ரோல்ஸ்தான்" என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்கவேயில்லை. உன் கூட்டாளிகளே தட்டினார்கள். ரோல்ஸ் வெல்லப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளுக்குள் சந்தோஷம், முகத்தை மட்டும் நடுநிலையாக வைத்திருந்தேன்.

"தீர்மானத்துக்கு ஆதரவானவை எழும்பி நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு மணியை எடுத்து அடித்தேன்.

அந்த மணியை என் கைக்கு ஒரே மாதிரித்தான் அடிக்கத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் தீபம் காட்டும்போது அடிப்பேனே, அப்படி.

முதலில் சிவம் அண்ணை எழும்பினார். பிறகு முன்வரிசை, நடுவரிசை, பிள்ளைகள், ஒருவர் மிச்சமில்லை. கை கூப்பினார்கள். ஒரு சின்னப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டு தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றியது. சபையை இவ்வளவு மதிக்கிறார்களே என்று நான் உருகிப்போனேன். பின்னால் பார்த்தால் அம்மாவும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறா. மகளுக்காகத் தன் ரோல்ஸையே விட்டுக்கொடுக்கிறாவே என்று நினைத்தேன்.

மணியை ஆட்டியபடியே அறிவித்தேன். "ஏகமனதாக நிறைவேறியது."

மணிச்சத்தம் நின்றதும் சிவம் அண்ணை கண்ணைத் திறந்தார். "என்ன தம்பி நிறைவேறினது?"

"பீட்சா, அண்ணை. நீங்களும்தானே எழும்பினனீங்கள்."

"நான் தீபாராதனையெண்டெல்லோ எழும்பினனான்."

மண்டபமே என்னைப் பார்த்தது. நான் அதிபரைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு, "சாப்பாடு உங்கட அதிகாரம், நாங்கள் தலையிட ஏலாது" என்றார். அறிவித்த முடிவை மாற்ற ஏலாது என்று கூட்டத் தொடக்கத்தில் நான்தான் எழும்பி நின்று வாசித்திருந்தேன்.

அடுத்த கூட்டம் பள்ளித் தவணை முடிவில். அதுவரை பீட்சாதான். (ஆறியது. அன்னாசித்துண்டு போட்டது.) அந்தக் கூட்டத்தில் மணிக்குப் பதிலாக வேறொருவர் விசில் ஊதினார், ரோல்ஸ் திரும்பி வந்தது. நீயும் ரோல்ஸுக்கே எழும்பினாய், பாண்தூள் பிரட்டுவது இனி அப்பா என்ற நிபந்தனையோடு. இன்றைக்கும் அது என் வேலைதான். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை நான் மணி அடித்தால் உங்களில் ஒருவர் பின்னால் நின்று "ஏகமனதாக நிறைவேறியது" என்று முணுமுணுப்பீர்கள். அம்மா கண்ணைத் திறக்காமலே சிரிப்பா.

உங்களுக்குத் தெரியாத ஒன்று மட்டும் இருக்கிறது. அன்றைக்குக் காரில் வரும்போது அம்மா யன்னலைப் பார்த்தபடி எனக்கு மட்டும் கேட்க, "எனக்கு எதிரா நானே வோட்டுப் போட்டிருக்கிறன்" என்றா. வீட்டுக்கு வந்ததும் நீங்கள் மேலே போய்விட்டீர்கள், அம்மா குளிக்கப் போய்விட்டா. நான் மணியைச் சாமியறையில் வைத்துவிட்டுக் குசினிக்கு வந்தேன். தட்டில் ஒரு ரோல் மிஞ்சியிருந்தது. கதிரையில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தேன்.

"தீர்மானத்துக்கு எதிரானவை எழும்பி நில்லுங்கோ" என்று மெதுவாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டு, எழும்பி நின்று, நின்றபடியே அதைச் சாப்பிட்டு முடித்தேன்.