மில்லிமீட்டரும் துணிக்கொடியும்

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஆனால் தெருவில் யாரும் அவரைக் கண்ணாடிக் கடைக்காரர் என்று சொல்வதில்லை. மில்லிமீட்டர் என்றுதான் சொல்வார்கள். "நேத்து நல்ல மழை" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். கடையை விட்டு இறங்கிவந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை ஒரு முடிவோடு எழுந்தார். வீட்டில் வெகுகாலமாக நடந்துவரும் துணிக்கொடி வழக்கில் இன்றோடு தீர்ப்பு வாங்கிவிடுவது.

வழக்கு தொடங்கியது கல்யாணமான புதிதில். அப்போதுதான் அவர் வானிலை ஆர்வலர் கழகத்தில் சேர்ந்திருந்தார். கழகத்தை நடத்தியவர்கள் பெரிய பெரிய விஞ்ஞானிகள். ஆனாலும் கண்ணாடி விற்பவர், பஸ் ஓட்டுகிறவர் என்று யார் போய் வானத்தைப் பற்றிக் கேட்டாலும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். மாதக் கூட்டத்தில் மேகப் படங்களைத் திரையில் காட்டுவார்கள். உறுப்பினர்களுக்கு மழைமானியை இரவலாகக் கொடுத்து, அதை எங்கே வைப்பது என்று காட்ட ஆளையும் அனுப்புவார்கள்.

அப்படி வந்தவர் மீசை அரும்பிய இளைஞர். கொல்லையை நாலு பக்கமும் நடந்து பார்த்தார். சுவரோ மரமோ, எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளித்தான் மானி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மழையை மறைத்துவிடும் என்றார். அந்தக் கணக்குப்படி கொல்லையில் ஒரே ஓர் இடம்தான் தேறியது. துணிக்கொடி கட்டியிருந்த இடம். புதுப்பெண் ஈரத்துணி வாளியோடு பின்கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொடி வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்குப் போயிற்று. அங்கே வெயில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அன்றிலிருந்து அந்த வீட்டுத் துணிகளில் ஈரவாடை நிரந்தரமாகக் குடியேறியது.

ஆனாலும் அது பொற்காலம். கொட்டுகிற மழையில் அவர் மானியைத் தூக்கி அளவுக் குவளையில் ஊற்றுவார். அவள் குடை பிடிப்பாள். குடை முழுக்க அவர் தலைமேல்தான் இருக்கும், அவள் தோள் நனைந்துகொண்டிருக்கும். கழகத்தின் செய்திமடல் வந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவர் பெயர் எந்தப் பக்கத்தில் என்று தேடுவார்கள். மகள் பிறந்த அன்றும் மழை. மழையை அளந்து எழுதி வைத்துவிட்டுத்தான் மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதை அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். குடை பிடிப்பது எப்போது நின்றது என்று அவருக்கு நினைவில்லை. "துணி காயலைங்க" மட்டும் நிற்கவேயில்லை.

இந்த நிலையில்தான் அவர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். தெருவில் வருஷத்துக்கு வருஷம் மழை குறைகிறது. கழகத்துக்கு எழுதினார். ஆண்டுக் கூட்டத்தில் வந்து பேசுங்கள், அதற்கு முன்னால் மானியைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பியது அதே இளைஞரை. இப்போது மீசை நரைத்துவிட்டது.

மில்லிமீட்டர் அவரை முன்கூட்டியே போனில் பிடித்தார். "வீட்டுல கேட்டாங்கன்னா, மானியை ஒரு இம்மி நகர்த்தக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க சார்."

மனைவியிடமும் சொல்லிவைத்தார். கழகத்துக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு, அதற்கப்புறம் துணிக்கொடிப் பேச்சே எடுக்கக் கூடாது. அவள் மறுப்பு சொல்லாமல் தலையாட்டினாள். பாவம், தோற்கப்போவது தெரியாமல் ஆட்டுகிறாள் என்று அவருக்கு இரக்கமே வந்துவிட்டது.

தீர்ப்பு நாளன்று கழகத்துக்காரர் வந்தார். காபி குடித்தார். பழைய கூட்டங்களையும், இப்போது இல்லாமல் போனவர்களையும் பற்றி இருவரும் பேசிப் பேசிக் கண்கலங்கினார்கள். பிறகு கொல்லைக்குப் போனார்கள். அவளும் பின்னாலேயே வந்தாள். வந்தவர் மானியைக் குனிந்து பார்த்தார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், இந்தக் கொய்யா மரம் எப்ப வந்தது?"

"நம்ம கழகம் கொடுத்ததுதான். ஆண்டுவிழால ஆளுக்கொரு கன்னு கொடுத்தாங்களே. நட்டது இவ. தினம் தண்ணி ஊத்தி வளத்தது முழுக்க நான்."

"நல்லாத்தான் வளத்திருக்கீங்க. தெருவுல மழை குறையலை சார். உங்க மானி மேல குடை பிடிச்சிருக்கு மரம்."

மில்லிமீட்டரும் அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் அவள் மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு மடங்கு தூரம்னு அன்னிக்குச் சொன்னீங்களே, இப்பவும் அதே கணக்குதானா?"

"அதேதாம்மா. ஒண்ணு மரம் போகணும், இல்ல மானி போகணும்."

மகள் ஊஞ்சல் ஆடிய மரம். கல்யாணமாகிப் போன பிறகும் அவள் போனில் முதலில் விசாரிப்பது அதைத்தான். வெட்டக் கூடாது என்று முதலில் சொன்னது மில்லிமீட்டர்தான். சொல்லிவிட்டுத்தான், தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது.

மானி கழகத்துக்காரரின் பைக்குள் போயிற்று. ஒரு பள்ளிக்கூடம் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். மில்லிமீட்டரின் முகம் வாடியதைப் பார்த்து வந்தவர் தேற்றினார். மரம் மழையை மறைத்த கதையையே கூட்டத்தில் சொல்லச் சொன்னார், புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் உதவும் என்றார். மேகம் பார்த்து எழுதி அனுப்பவும் கழகத்துக்கு ஆள் தேவை, அதற்கு மானி வேண்டாம், கண் போதும் என்றார். அவர் போனபின் மானி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் மிச்சம் இருந்தது. மில்லிமீட்டருக்கு அழுகை வந்துவிட்டது.

"கன்னு நடும்போதே உனக்கு இது தெரியுமா?"

"எங்க நடட்டும்னு உங்களைத்தான் கேட்டேன். மானியைத் தொடாம எங்க வேணா நட்டுக்கோன்னீங்க."

"இத்தனை வருஷமாவா காத்திட்டிருந்தே?"

"வளர வேண்டியது மரம். நான் அவசரப்பட்டு என்ன பண்ண?"

மறுநாள் காலை அவர் வெறுங்கையோடு கொல்லையில் நின்றார். அவள் கொய்யா மரத்திலிருந்து எதிர்ச்சுவர் வரை கயிறு கட்டி முடித்திருந்தாள்.

"மேகம் பாக்கணும்னா அண்ணாந்துதானே நிக்கணும்?"

"ஆமா."

"அப்படியே இதையும் காயப்போட்டுடுங்க." வாளியைக் கையில் கொடுத்தாள். "மழை வராதே?"

இத்தனை வருஷத்தில் அவளாக வந்து கேட்ட முதல் வானிலைக் கேள்வி. அவர் மேகத்தை ஆராய்ந்து, வரவே வராது என்று அடித்துச் சொன்னார். போர்வை, தலையணை உறை என்று எல்லாவற்றையும் விரித்துப் போட்டுக் கிளிப் மாட்டினார்.

கடைசிக் கிளிப்பை மாட்டும்போது மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது. அடுத்த நிமிஷம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. பின்கதவு திறந்தது. குடையை விரித்துக்கொண்டு அவள் ஓடிவந்தாள், அந்தக் காலத்தில் ஓடிவந்த அதே ஓட்டம். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நனைந்துவிடாமலிருக்கத் தலையைச் சற்றே தாழ்த்திக் கொடுத்தார்.

குடை அவரைத் தாண்டிப் போய்ப் போர்வைக்கு மேல் நின்றது.