மூன்றாவது மணி ஏன் வாய் திறக்கவில்லை என்று எக்கார்ட் அத்தானுக்கு

ஓபர்வெல்பாக்,
செவ்வாய், மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

மரியாதைக்குரிய எக்கார்ட் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் வோல்க்மார் வணங்கி எழுதுவது. இங்கே ரோஸ்விதா அக்கா நலம், ஆடுகள் நலம். தக்காளிச் செடிகள் மட்டும் நலமில்லை; அதற்குக் காரணம் ஆடுகள் என்பதால் அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். அங்கே கடற்கரை வைத்தியசாலையில் உங்கள் புது மூட்டு சொன்னபடி மடங்குகிறது என்றும், சூப்பில் இப்போதாவது உப்புப் போடுகிறார்கள் என்றும் நம்புகிறேன்.

உங்கள் அட்டை கிடைத்தது. "இறைச்சிக்கடை லோட்டார் மகள் கல்யாணத்தில் சர்ச் மணியை ஊமையாக்கியது நீதானாமே, நான் திருச்சபைக் குழுத் தலைவனா இல்லை தஞ்சாவூர்ப் பொம்மையா" என்ற பொருளில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய ஜெர்மன் வசவை அப்படியே திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மணிகளை ஆட்டிவந்த பழைய கணினி உயிரை விட்டபோது, புதுக் கருவி வாங்க மனமில்லாமல் உங்கள் குழு என்னிடம் வந்தது. நான் ஒரு மடிக்கணினியில் காப்செலைப் போட்டுக் கொடுத்தேன். காப்செல் ஒரு வேஷக்கார நிரல். செத்துப்போன கணினியைப் போல அச்சு அசலாக நடிக்கும். உள்ளே ஓடும் மணி நிரலுக்குத் தன் முதலாளி மாறிப்போனதே தெரியாது. அது யாருக்கும் தனிச் சொத்தில்லை. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம், கூலி கிடையாது, சண்டை மட்டும் தாராளம். அந்த நிரலுக்குள் தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு பழக்கம் இருந்தது அத்தான். ஒருவர் எழுதிய பகுதி, சின்னத் தவறுக்கே மொத்தக் கணினியையும் சாய்த்துவிட்டுப் போகும். இன்னொருவர் எழுதியது, வீடு பற்றி எரிந்தாலும் மூச்சு விடாது. ஓரிடத்தில் 'இது நடக்கவே நடக்காது' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள், அது வாரம் ஒருமுறை நடந்துகொண்டிருந்தது. எனக்கு உச்சிமுடியைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றியது இதைப் பார்த்துத்தான்: தகவல் வட்டைத் திறக்க முடியவில்லை என்றால் திரையில் 'தோல்வி. காரணம்: வெற்றி' என்று வரும்.

இதையெல்லாம் கூட்டிப் பெருக்குவது என்று கிளம்பினேன். தவறு நேர்ந்த இடம் தானாகச் சாகவும் கூடாது, விழுங்கவும் கூடாது. தன்னைக் கூப்பிட்ட பகுதியிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டும், முடிவை அது எடுக்கட்டும். இவ்வளவுதான் என் கொள்கை. திருத்தங்களை அனுப்பினால், ப்ர்னோவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்க்கும் ஸ்டெங்கா இருக்கிறாளே, அந்தச் செக்கோஸ்லோவாக்கியா காலத்து வாத்தியாரம்மா, தொலைபேசியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, யானையைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினா நான் எப்படிப் பாக்கறது? துண்டு துண்டா வெட்டி அனுப்பு."

வெட்டி அனுப்பினேன்.

"இப்ப கொத்துக்கறியாக்கிட்டியே! எது தலை, எது வாலுன்னே தெரியலை."

அத்தான், உங்கள் குழுக்கூட்டத்தில் ஜன்னல் திரைக்கு நிறம் முடிவு செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள், எங்கள் விவாதம் அதைவிட நீளம். அவள் சம்மதத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், என் சமையலை என் வீட்டார்தானே முதலில் ருசிக்க வேண்டும் என்று, நான் திருத்திய காப்செலைக் கல்யாணத்தன்று காலையில் சர்ச் மடிக்கணினியில் ஏற்றினேன். ஏன் அன்றைக்குப் பார்த்து என்று கேட்பீர்கள். அக்காவும் அதையேதான் கேட்டாள், கையில் உருளைக்கிழங்கு சாலட் கிண்டும் கரண்டியோடு.

மாப்பிள்ளை வந்தாயிற்று, பெண் வந்தாயிற்று, ஊரே வாசலில் நிற்கிறது. போதகர் ஆன்னெக்ரெட் அம்மா கண் காட்டினார். பொத்தானை அழுத்தினேன். மணி இல்லை. திரையில் ஒரே வரி: 'மூன்றாவது இணைப்பில் கோளாறு. பாதுகாப்புக்காக நிறுத்தப்படுகிறது.' எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது அத்தான், வாக்கியம் அவ்வளவு தெளிவு. அதற்குள் லோட்டார் கோட்டும் டையுமாக உள்ளே வந்துவிட்டார்.

"யோவ் வோல்க்மார், என் பொண்ணு வெயில்ல நிக்கிறாய்யா! உன் பொட்டி என்னய்யா சொல்லுது?"

"மூணாவதுல ஏதோ கோளாறாம்."

"இத்தனை வருஷமா இல்லாத கோளாறா?"

"இருந்திருக்கும். முன்னாடி சொல்லாம முழுங்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் உண்மையைப் பேசக் கத்துக் குடுத்தேன்."

"கல்யாணத்தன்னைக்கா அதுக்கு உண்மை பேசணும்? மனுஷனே பேச மாட்டானே!" என்று கத்திவிட்டு, அவரே கோபுரத்துப் படியில் ஏறிவிட்டார். மூன்றாவது மணியைக் கையாலேயே ஆட்டி எல்லார் காதையும் கிழிப்பதாகச் சபதம். மேலே திமுதிமுவென்று சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இறங்கி வந்தபோது அந்த மனிதரின் முகம் அவர் கடை வெள்ளைச் சாசேஜ் நிறத்தில் இருந்தது.

"மணியோட நாக்கு கழண்டு தொங்குதும்மா," என்றார் போதகரிடம், மெதுவாக. "ஒரே ஒரு மரை பிடிச்சிட்டிருக்கு. இன்னொரு ஆட்டு ஆட்டியிருந்தா பலகையைப் பேத்துக்கிட்டு நேரா வாசல்ல... அங்கதான் என் லீஸா நிக்கிறா."

பிறகு லோட்டார் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கட்டிப்பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்; விலா இன்னும் வலிக்கிறது.

அக்காதான் காரியத்தைக் காப்பாற்றினாள். "மணி இல்லேன்னா கல்யாணம் நிக்குமா? தீயணைப்புக் கொட்டகையில பழைய வண்டி சும்மாதானே தூங்குது, அதுல பித்தளை மணி இருக்கு, தள்ளிட்டு வாங்கடா!" என்றாள். கோட்டுப் போட்ட ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து வண்டியைத் தள்ளிவந்தோம். அக்கா மேலே ஏறி நின்று கயிற்றை இழுத்த இழுப்பில் பக்கத்து ஊர்த் தீயணைப்புக்காரர்கள் நிஜமாகவே கிளம்பி வந்து, விஷயம் தெரிந்ததும் பிளம்ஸ் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டுப் போனார்கள். லீஸா சிரித்துச் சிரித்துக் கண் மை கலைந்துபோய், அப்படியேதான் புகைப்படத்தில் இருக்கிறாள்.

ஆக, மணியை ஊமையாக்கியது நான்தான், ஆனால் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றியதும் நான்தான். ஊரில் இப்போது என்னைப் பார்த்தால் தொப்பியைத் தூக்குகிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனையில் 'நேர்மையான எச்சரிக்கை' என்ற தலைப்பில் போதகரம்மா என்னை உதாரணம் காட்டிப் பேசப் போகிறாராம். தலைவர் என்ற முறையில் நீங்களும் ஒரு வரி பாராட்டி எழுதினால் மறுக்க மாட்டேன்.

மூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நர்ஸுகளோடு சீட்டாடித் தோற்காதீர்கள். அக்காவின் அன்பும், ஆடுகள் கேட்கும் மன்னிப்பும், என் வணக்கமும்.

பணிவுள்ள மைத்துனன்,
வோல்க்மார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஸ்டெங்கா கூப்பிட்டாள். "ஏம்ப்பா, மூணாவது இணைப்பைச் சோதிக்கிற வரியைத் தலைகீழா எழுதியிருக்கியே! அது நல்லா இருந்தாத்தான் கோளாறுன்னு சொல்லும்" என்றாள். போய்ப் பார்த்தேன். உண்மைதான். தவிர, அந்த மூன்றாவது இணைப்பில் மணியே இல்லை அத்தான், போதகரம்மாவின் அச்சுப்பொறி இருக்கிறது. இதை உடனே போதகரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். வழியில் லோட்டார் நிறுத்தி, ஆயுளுக்கும் எங்கள் வீட்டுக்குச் சாசேஜ் இலவசம் என்று சொல்லிவிட்டார், நானும் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினால், தயவுசெய்து ஆடுகள் மன்னிப்புக் கேட்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.