தென்னந்தடிப் பாலமும் என் டாக்டர் பட்டமும்

படித்ததைச் செய்து காட்டப் போகும்போதுதான் ஒருவன் எவ்வளவு பெரிய முட்டாள் என்று ஊருக்குத் தெரிகிறது. என் முட்டாள்தனத்துக்கு ஒரு குடும்பமே சாட்சி.

தென்னைமரத்தின் உறுதியைப் பற்றித்தான் என் ஆய்வு. நார்க் கற்றைகள் வெளிப்புறத்தில் நெருங்கி இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும்; ஆகவே பலமெல்லாம் வெளிச்சுற்றில்தான். இந்த ஒரு விஷயத்தை ஐந்து வருடம் இழுத்து இருநூறு பக்கம் ஆக்கினேன். (டைப் அடித்துக் கொடுத்தவள் கவிதா, கூடப் படித்தவள். கட்டினால் அவளைத்தான் என்றிருந்தேன்.)

இரண்டு வருடம் கெஞ்சிய பிறகு, ராஜபாளையத்திலிருந்து அவள் அப்பா மகாராஜபுரத்துக்கு எங்கள் வீட்டையும் தோப்பையும் பார்க்க வரச் சம்மதித்தார். தோப்புக்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும். பிளந்த தென்னந்தடி ஒன்று, உருண்ட பக்கம் மேலே இருக்க, பாலமாகக் கிடந்தது. வெள்ளை வேட்டியோடு வருகிறவர் வழுக்கி விழுந்துவிட்டால்? மேலேயும் ஓரங்களிலும் சீவிப் பலகை மாதிரி ஆக்க ஊர் ஆசாரியிடம் சொன்னேன்.

ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்தார். "தம்பி, தென்னைக்கு வைரம் வெளியிலதான். சீவிட்டா உள்ள வெறும் சோறுதான் மிஞ்சும்."

"அண்ணாச்சி, நான் இதுலதான் டாக்டர் பட்டமே வாங்கியிருக்கேன்."

"அப்பச் சரி" என்று சீவிக் கொடுத்துவிட்டார்.

பாலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. "பயப்படாம வாங்க மாமா" என்று நானே முன்னால் நடந்து காட்டினேன். (நான் அப்போது ஐம்பது கிலோ. அவரை மாமா என்று கூப்பிட்டது அதுவே முதலும் கடைசியும்.) அவர் நடுவில் வந்ததும் தடி புட்டு உதிர்வது மாதிரி உட்கார்ந்தது. வாய்க்காலில் தண்ணீர்கூட இல்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கவிதா கேட்டாள்: "நாலாவது அத்தியாயத்த டைப் அடிச்ச எனக்கே தெரியும். எழுதுன உனக்குத் தெரியாதா?"

"அவிய வேட்டி அழுக்காயிருமேன்னு..."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அப்பா படுத்திருந்த அறைக்குள் போய்விட்டாள். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது, வேறொருவரோடு.

நான் இன்றும் கல்லூரியில் அதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். ஆசாரி இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. வீட்டில் நாற்காலி ஆடினால்கூட, "ஏலே, அவன்ட்ட கேக்காதிய, அவன் டாக்டரு" என்பான் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

போன மாதம் அண்ணன் மகள் என் அம்மாவிடம், "சித்தப்பா ஏன் கல்யாணமே பண்ணல?" என்று கேட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரவிய இன்னும் வாய்க்காலத் தாண்டலத்தா" என்றாள் அம்மா.

வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.