ஒழுகும் மாடியும் ஒப்பீட்டு வலிமையும்

ராஜ்கோட்டில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி ஒழுகுவது சம்பந்தமாக, நலச் சங்கம் ஒரு ஞாயிறு காலை, காட்டியா என்கிற கடலைமாவு நொறுக்கும் வறுத்த மிளகாயும் சாப்பிட்டபடி அவசரக் கூட்டம் நடத்தியது. மாடிக்கு நேர் கீழே இருப்பது என் வீடு. மழைக்கு முன்னால் தார் பூச வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்கென்று சேர்த்த நிதி வங்கியில் இருந்தது.

"அது சும்மா தூங்குது தாராபென்," என்றார் செயலாளர் கிரீட்பாய். பங்குச்சந்தைப் பயிற்சி வகுப்பு முடித்துச் சான்றிதழோடு வந்திருந்தார். "மழைக்குள்ள ரெட்டிப்பாக்கிடுறேன். தார் எதுக்கு? மாடி முழுக்க ஓடே பதிச்சுடலாம்."

முறை மிக எளிது. மொத்தம் இரண்டு சல்லடை. சந்தையைவிட வேகமாக ஏறுகிற பங்கா? அது ஒப்பீட்டு வலிமை. வழக்கத்தைவிட அதிகமாகக் கைமாறுகிறதா? அது வர்த்தக அளவு. இரண்டிலும் தேறினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியது.

"அந்தக் கம்பெனி என்ன செய்யுது பாய்?"

"அதெல்லாம் பழைய காலத்துக் கேள்வி தாராபென்."

பழைய காலத்து ஆள் என்று பெயர் வந்துவிடுமே என்ற பயத்தில் சம்மதம் என்று முதலில் கை தூக்கியவள் நான்.

தேறியது ஒரு சின்னக் கம்பெனி. மாடிக்குப் பூசும் தார் தயாரிக்கிறார்களாம். இதைச் சங்கம் நல்ல சகுனமாக ஏகமனதாகப் பதிவு செய்துகொண்டது.

சங்கம் வாங்கியது. விலை ஏறியது. ஏறுவதைப் பார்த்து பக்கத்துக் கட்டடமான பி விங் வாங்கியது. கைமாறும் அளவு கூடியது. கூடியதால் மறுநாளும் இரண்டு சல்லடையிலும் தேறியது. தேறியதால் என் கணவர் வாங்கினார். அவருக்குத் தெரியாமல் நானும் அரிசி டப்பாவில் ஒளித்திருந்த பணத்தைக் காலி செய்தேன்.

"யாரோ பெரிய கை உள்ள புகுந்து அள்ளுது," என்று கிரீட்பாய் கிசுகிசுத்தார். "யாருன்னுதான் பிடிபடல."

அந்தப் பெரிய கை எல்லாவற்றையும் அள்ளிவிடுமோ என்று நாங்கள் இன்னும் வேகமாக வாங்கினோம். காலையில் எழுந்ததும் முதலில் கூரையைப் பார்ப்பேன், பிறகு போனைப் பார்ப்பேன். கூரை காய்ந்திருந்தது, போனில் விலை பச்சையாக ஏறியிருந்தது; இரண்டுமே கண்ணுக்குக் குளிர்ச்சி.

மேகம் கறுத்தது. "போதும் பாய், வித்துட்டு தார் வாங்குங்க," என்றேன். விற்கப் போட்டார். வாங்க ஆளில்லை. விலை இறக்கிப் போட்டார். அப்போதும் இல்லை. மறுபடி அவசரக் கூட்டம், மறுபடி காட்டியா.

"அந்தப் பெரிய கை எங்க போச்சு?" என்றாள் கீழ்வீட்டு மஞ்சுளாபென்.

மிளகாய்த் தட்டு ஒரு சுற்று கைமாறியது.

"எங்கயும் போகல. மிளகா தின்னுக்கிட்டு இங்கதான் உக்காந்திருக்கு," என்றார் என் கணவர்.

மழை வந்தது. சமையலறையில் ஒரு பக்கெட், படுக்கையறையில் ஒரு பக்கெட் வைத்தேன். கிரீட்பாய் நேரில் வந்து ஆய்வு செய்தார்.

"பயப்படாதீங்க தாராபென். பி விங் மேல்வீட்ல மூணு ரூம் ஒழுகுது. உங்களுக்கு ரெண்டுதான். ஒப்பீட்டு வலிமை நம்ம பக்கம்."

"வெளிய போங்க பாய்!" என்று கத்தினேன்.

அவர் போனதும் குடையை எடுத்துக்கொண்டு பி விங்குக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றுதான். மனசு லேசாகிவிட்டது. திரும்பும்போது அந்த வீட்டுக்காரி படியில் எதிரே வந்தாள், சொட்டச் சொட்ட நனைந்து.

"பக்கத்துக் காலனியப் பாத்துட்டு வரேன் தாராபென்," என்றாள். "அங்க முழங்கால் தண்ணி!"

அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.