டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை

எனக்குக் கை சும்மா இருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

இலுப்பூரில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் அதை விடவில்லை, கவனிக்கவும்). மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிற காகிதங்களைப் படித்துக் கற்றுக்கொண்டதுதான். பட்டா, ஜாதகம், வக்கீல் நோட்டீஸ், கறவை மாட்டு இன்சூரன்ஸ், எதையும் விடமாட்டேன். ஆனால் காகிதத்தைவிட, அதை நீட்டும்போது ஆட்கள் சொல்கிற வார்த்தைதான் எனக்குப் பிடிக்கும். ஒருமுறை ஒரு அம்மாள், மகன் துபாயிலிருந்து எழுதிய ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்து, “தம்பி, இது சாகாம பண்ணிக் குடுங்க” என்றார்.

லேமினேஷனுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்த மெஷின் எனக்கு மெஷினாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியாகத் தெரிந்தது. நான் டாக்டர்.

கண்ணில் பட்டதற்கெல்லாம் பிளாஸ்டிக் சட்டை போட்டேன். கல்யாணமான புதிதில் என் மனைவி மலர் எழுதிக் கொடுத்த முதல் மளிகை லிஸ்ட்டைக்கூட லேமினேட் பண்ணிக்கொண்டு போய் நீட்டினேன். காதலில் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரிங்க, துவரம்பருப்ப அடிச்சுட்டுக் கடலப்பருப்புன்னு எழுதணும். இதுல எப்பிடி எழுதுறது?” என்றாள். அந்தக் கேள்வியை மட்டும் நான் காதில் வாங்கியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

மலரின் அப்பாவுக்குக் கொடும்பாளூர்ப் பக்கம் ஊர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வந்தவர். ஊரில் ‘மிலிட்டரி’ என்றால் அவர்தான். அதிகம் பேசமாட்டார், பேசினால் உத்தரவு மாதிரி இருக்கும். என்னிடம் மட்டும் அப்படி ஒரு மரியாதை. எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகனைத் திட்டக்கூடாது. மருமகன் வீட்டுக்கே தீ வைத்தாலும், “மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அனல் அடிக்கும்” என்றுதான் சொல்லவேண்டும். இந்தச் சலுகையின் முழு அருமையை ஆறே மாதத்தில் தெரிந்துகொண்ட மருமகன் நான்.

அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போவதற்குள் நடுவில் இரண்டு தடவை உட்காருவார். ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. அது கிடைத்தால் ஆபரேஷன் நடக்கும். மாமா விண்ணப்பித்தார், திரும்பி வந்துவிட்டது. பென்ஷன் ஆணையில் அவர் ஓய்வுபெற்ற வருஷம் ஒன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அதற்கு முந்தைய வருஷம். (டிஸ்சார்ஜ் புத்தகம் என்பது பட்டாளத்தை விட்டு வரும்போது கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், நடத்தை எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும்.) தேதியைத் திருத்திக்கொண்டு வந்தால்தான் அட்டை.

இத்தனை வருஷம் அதை யாரும் கவனிக்கவே இல்லை. கவனித்ததும் முதலில் வாயைத் திறந்தது அத்தைதான்.

“ஏங்க, அந்த வருசம் பூரா நீங்க பட்டாளத்துல இல்ல, ஊருக்கு வந்துட்டீங்கன்னுல்ல பொஸ்தகம் சொல்லுது? எந்த ஊருக்கு வந்தீங்க? நான் பாக்கலையே!”

“எழுதுனவன் தப்பா எழுதிப்புட்டான்.”

“சர்க்கார் தப்பா எழுதுமா? எந்த வீட்டுல இருந்தீங்க, அத மட்டும் சொல்லிருங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.”

எதிரிக்கு முதுகு காட்டாத மனிதர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

திருத்த மனு கொடுக்கப் புதுக்கோட்டையில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகவேண்டும். மாமா அந்தப் புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கடையில் கொடுத்தார். “மாப்பிள்ளை, நாலு செராக்ஸ் எடுத்துக் குடுங்க. போதும்.”

அந்தப் ‘போதும்’ என் காதில் விழவில்லை. புத்தகத்தைப் பார்த்தேன். அட்டை நைந்து, தையல் விட்டு, ஓரத்தைக் கரையான் ருசி பார்த்திருந்தது. என்னுள் இருந்த டாக்டர் எழுந்து நின்றார். மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. கேட்ட நாலு செராக்ஸை எடுத்து வைத்துவிட்டு, நூலை வெட்டினேன். தாள்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். கரையான் கடித்த ஓரங்கள் சமமாக இல்லை என்று கட்டர் வைத்து நாலு பக்கமும் நறுக்கினேன். ஒவ்வொரு தாளுக்கும் லேமினேஷன் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணி, முன்னால் கண்ணாடி ஷீட், பின்னால் நீல அட்டை. காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் மாதிரி ஜம்மென்று இருந்தது. அதிகாரி முன்னால் பிரித்து மாமாவை அசத்த வேண்டும் என்று காக்கி கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

பஸ்ஸில் போகும்போது கேட்டேன். “அந்தக் காணாமப் போன வருஷம் எங்க மாமா இருந்தீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “பனியிலதான் மாப்பிள்ளை. மல மேல. பேஸ்ட்டு கல்லு மாதிரி ஒறஞ்சு போயிரும். ஸ்டவ்வுல காட்டித்தான் பல்லு வெளக்கணும். மீசையில ஐசு நிக்கும், சிரிச்சா வலிக்கும். அதனால ஒருத்தனும் ஜோக்கு சொல்லமாட்டான்.” என் பக்கம் திரும்பினார். “பதினேழு வருசத்துல கஷ்டப்பட்டது அந்த ஒரு வருசந்தான். அதப் போயி விட்டுட்டான் பாருங்க.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மடியில் இருந்த கவரைத் தடவிக்கொண்டேன். இனி அந்தப் புத்தகத்தைப் பனிமலையிலேயே புதைத்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

அலுவலக மேசையில் இருந்தவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான், சுபேதார். மாமா விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார். நான் கவரைக் கிழித்துப் புத்தகத்தை எடுத்து, கல்யாணத் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன்.

சுபேதார் ஒரு பக்கம் புரட்டினார். பிளாஸ்டிக் சடசடவென்றது. கண்ணாடியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார்.

“யாரு இதப் பண்ணது?”

நெஞ்சை நிமிர்த்தினேன். “நான்தாங்க சார். நூத்தியிருபத்தஞ்சு மைக்ரான். சொட்டுத் தண்ணி உள்ள போகாது.”

“மையும் போகாதே” என்றார் அவர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். அசல் புத்தகத்தை ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பவேண்டும். அங்கே தப்பான தேதியைச் சிவப்பு மையால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் தருவார்கள். சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்து அந்தத் தேதியின் மேல் ஒரு கோடு போட்டார். கட்டைவிரலால் தேய்த்தார். கோட்டைக் காணோம். மாமாவின் வருஷம் என் கண்முன்னால் இரண்டாவது முறையாகக் காணாமல் போனது.

“ஆமா, இந்த ஓரத்துல ஒரு ரவுண்டு சீல் இருக்குமே? பாதிதான் இருக்கு?”

“ஓரம் சமமா இல்லன்னு… டிரிம் பண்ணிட்டேங்க சார்.”

“மிச்சப் பாதி?”

“கடைக் குப்பையில இருந்துச்சுங்க. நேத்துக் கொளுத்தியாச்சு.”

சுபேதார் மாமாவைப் பார்த்தார். ஒரு பட்டாளத்துக்காரர் இன்னொரு பட்டாளத்துக்காரரைத் துக்க வீட்டில் பார்க்கிற பார்வை அது. மாமாவின் தாடை மட்டும் இரண்டு தடவை அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளை, டீ சாப்புடுறீங்களா?” என்றார்.

இதோடு நின்றிருக்கலாம். நின்றால் அது என் கை இல்லையே! மறுநாள் காலையில் மலரோடு மாமனார் வீட்டுக்கே போய், சூடு காட்டினால் பிளாஸ்டிக் உரிந்து வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். முக்கியமான பக்கத்தில் கை வைக்க நான் என்ன முட்டாளா? கடைசிப் பக்கத்தில் சோதனை செய்தேன். பிளாஸ்டிக் அழகாக உரிந்தது. எழுத்துகளும் அதோடு அழகாக உரிந்து வந்தன. தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்புறம்தான் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று செராக்ஸை எடுத்துப் பார்த்தேன். ‘நடத்தை: மிகச் சிறப்பு.’

“இந்த மனுசன் நடத்தைக்கு இருந்த ஒரே சாட்சி!” என்றார் அத்தை. “அதுவும் போச்சா?”

மாமா இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பட்டாளத்து ஒழுங்கோடு அதை மூன்று சுற்றுச் சுற்றி வைத்தார். “மலரு, மாப்பிள்ளைக்கு ஒரு சொம்பு நெறையாக் காபி குடு. ரெண்டு கையாலயும் புடிக்கிற மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அத்தை சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து அடுப்படிக்குப் போனதைப் பார்த்தபோது காபிச் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். “விடுங்க மாப்பிள்ளை, நான் இப்ப ஓட்டப்பந்தயமா ஓடப் போறேன்?” என்று அங்கிருந்தே சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபடியும் சுபேதாரிடம் போனோம், இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு. அவர் யோசித்துவிட்டு, “திருத்தம்னு கேட்டா இனி நடக்காது. புத்தகம் வீணாப் போச்சு, அதுக்குப் பதிலா சான்று குடுங்கன்னு கேப்போம். எப்பிடி வீணாச்சுன்னு வீணாக்குனவர் கைப்பட எழுதித் தரணும்” என்றார்.

எழுதினேன். ‘என் மாமனார்மேல் கொண்ட அளவுகடந்த அன்பின் காரணமாக’ என்று ஆரம்பித்தேன். சுபேதார் படித்துவிட்டு அந்த வரியை அடித்தார். “அன்புக்கெல்லாம் அங்க கட்டம் கிடையாது தம்பி. என்ன பண்ணீங்களோ அத மட்டும் எழுதுங்க.” பிரித்தேன், நறுக்கினேன், ஒட்டினேன், உரித்தேன் என்று எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற வாக்குமூலம்போல இருந்தது. கீழே கையெழுத்து, உறவுமுறை: மருமகன்.

ஏழு மாதம் ஓடியது. அந்த ஏழு மாதமும் மாமனார் வீட்டுக்குப் போனால், அத்தை நடக்கிற சத்தம் கேட்டதும் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். ஒருநாள் பதிவுத் தபாலில் நீளக் கவர் வந்தது. மாமா பிரித்தார். ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கிற மூலப் பதிவேட்டில் தேதி ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. புத்தகத்தில் எடுத்து எழுதியவர்தான் கைதவறி ஒரு வருஷத்தை விட்டிருக்கிறார். புதுச் சான்று மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டதால் பதினேழு வருஷமும் முழுசாக இருந்தது, பனியோடு சேர்த்து. மாமா அந்தத் தேதிமேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அட்டை வந்தது. ஆபரேஷன் நடந்தது. இப்போது அத்தை ஆடு பயிருக்குள் புகுந்தால் மாமாவுக்கு முன்னால் போய் நிற்கிறார்.

ஆனால் அந்தச் சான்றின் அடியில் குறிப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டச்சாகியிருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அசல் புத்தகம் மேற்படியாரின் மருமகனால் உபயோகத்துக்கு லாயக்கற்றதாக ஆக்கப்பட்டபடியால் இது வழங்கப்படுகிறது.’

அதை அழிக்க முடியாது. அழிக்க விண்ணப்பித்தால் அசலை அனுப்பவேண்டும். அட்டை புதுப்பிக்க, பென்ஷன் விஷயம் பார்க்க என்று மாமா எந்த அலுவலகத்தில் அந்தச் சான்றை நீட்டினாலும், உள்ளே இருப்பவர் தேதியைப் பார்ப்பார், முத்திரையைப் பார்ப்பார், அடிவரிக்கு வந்ததும் நிமிர்ந்து, “யாரு சார் அந்த மருமகன்?” என்று கேட்பார். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை திட்டாத மாமா, பின்னால் நிற்கிற என்னை ரொம்ப மரியாதையாகக் கை காட்டுவார். “இந்தா, இவுகதான். கேப்பீகன்னு கையோட கூட்டியாந்துட்டேன்.”

அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். “ஏங்க, பேப்பர எடுத்துக்கிட்டீகளா? மாப்பிள்ளைய பின் அடிச்சுக்கிட்டீகளா?”