லென்ஸ் உருண்டதைப் பதினோராம் வகுப்பு வாசித்த விதம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, என் முழங்கால் வலி மூவரும் ஒற்றுமையாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ திகைப்பாய். போனில் சொல்ல மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளி மொழி ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க கதையெல்லாம் எழுதினவராமே, பதினோராம் வகுப்புக்குச் சிறுகதைப் பாடத்தை நீங்களே பார்த்துக்குங்க" என்றார். என் ஆயுளில் நான் எழுதியது ஒரே ஒரு கதை. அதை ஆசிரியர் அறையில் 'என் கதைகள்' என்று பன்மையிலேயே சொல்லிவந்ததன் பலன் இது. நானோ காலமெல்லாம் முக்கோணங்களோடு குடித்தனம் நடத்தியவன். முதல் நாள் கரும்பலகையில் பழக்கதோஷத்தில் 'கொடுக்கப்பட்டவை', 'நிரூபிக்க வேண்டியது' என்று எழுதிவிட்டு, கதையில் எதை நிரூபிப்பது என்று தெரியாமல் சாக்பீஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். புத்தகத்தில் இருந்த மூன்று கதைகளுக்கும் ஆளுக்கொரு நீதி சொல்லி ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். இன்னும் ஏழு வாரம் பாக்கி.

அந்த நெருக்கடியில்தான் அந்த விபரீத யோசனை வந்தது. பழைய பெட்டியிலிருந்து என் கதையை எடுத்து, பெயர் இருந்த இடத்தில் தாளை ஒட்டி மறைத்து, நாற்பது நகல் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். உனக்கு அந்தக் கதை நினைவிருக்கும். ஒரு புகைப்படக்காரரின் வீடு. கதையைச் சொல்லும் அண்ணனுக்குப் பதிமூன்று வயது, தம்பிக்கு ஏழு. ஒரு மத்தியானம் அண்ணன் போர்வை போர்த்தித் தூங்குகிறான். தம்பி அலமாரியிலிருந்து அப்பாவின் கேமராவை எடுத்துப் போட்டு உடைக்கிறான், அடி வாங்குகிறான். அண்ணன் பெருந்தன்மையாக அவனை மன்னிக்கிறான். பத்திரிகையில் வந்ததும் உனக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நீயும், "நன்றாக இருக்கிறது அண்ணா, லென்ஸ் உருளும் இடம் நேரில் பார்த்தது மாதிரியே இருந்தது" என்று கார்டு போட்டிருந்தாய். அதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

வகுப்பில் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பான். அதனால் வக்கீல் என்று பெயர். அன்றும் எழுந்தான்.

"சார், அண்ணன் தூங்கிட்டு இருந்தான்னு ரெண்டாம் பக்கத்துல இருக்கு. மூணாம் பக்கத்துல லென்ஸ் மூணு சுத்து உருண்டுச்சு, செவுத்துல இடிச்சுது, ஒருதரம் ஆடி நின்னுச்சுன்னு அவனே சொல்றான். தூங்கறவன் எப்படி சார் எண்ணினான்?"

"அது... கற்பனைப்பா."

"கற்பனைன்னா ஏதோ உருண்டுச்சும்பான். இவன் கரெக்டா மூணுங்கறான் சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பக்கத்துப் பையன் எழுந்துவிட்டான். "முதல் பக்கத்துல கொடியில கிடக்கற சட்டையே தம்பிக்கு எட்டலை, அண்ணன்தான் எடுத்துக் குடுக்கறான். கேமரா அலமாரியோட மேல்தட்டுல இருக்கு. எப்படி எடுத்தான்?"

"ஸ்டூல் போட்டிருப்பான்."

"ஸ்டூல்னு ஒரு வரி இல்லையே சார். கொடுக்கப்படாததை எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தம்பி, எனக்கு வியர்த்துவிட்டது. தேற்றத்தில் அடுத்த படி என்ன என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கும் கூட்டம் அது. அன்று நாற்பது பேரும் குனிந்து, விரலை வரியில் வைத்து வாசித்தார்கள். நான் எத்தனையோ தரம் அதட்டியும் வராத அமைதி, யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்தது. பத்தே நிமிஷத்தில் கேமராவை உடைத்தது அண்ணன்தான் என்று முடிவாகிவிட்டது. "ஆக, எழுதினவர் ஒரு பொய்யர்" என்று தீர்ப்பையும் வக்கீலே சொன்னான்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் உண்டு. முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை கொட்டாவி விடுவாள், அதுவே பெயராகிவிட்டது. அன்று அவள் வாயைத் திறந்தது பேசுவதற்காக.

"பொய்யர்னு தோணலை சார். நிஜமாவே மறைக்கணும்னா மூணாம் பக்கத்துல லென்ஸை எதுக்கு உருட்டணும்? கேமரா உடைஞ்சுதுன்னு ஒரே வரியில போயிருக்கலாமே. யாராவது கண்டுபிடிச்சுட்டா தேவலைன்னு அவருக்கு இருந்திருக்கு. வாயால சொல்ல வரலை."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வயது. அவளுக்கு உன்னைத் தெரியாது, அப்பாவைத் தெரியாது. கையில் இருந்தது நாலு பக்க மங்கல் நகல். அதை வைத்துக்கொண்டு, நான் எனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்றைப் பக்க எண்ணோடு எடுத்துக் கொடுக்கிறாள். நான் அந்தக் கதையை எழுதத்தான் செய்தேன் தம்பி. அதை முதன்முதலில் வாசித்தது அவள்.

வக்கீல் விடவில்லை. "எழுதினவர் இப்ப உயிரோட இருக்காரா சார்?"

"ஏதோ இருக்கேன்பா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

நாற்பது தலைகள் நிமிர்ந்தன. யாருமே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றாள் கொட்டாவி.

"இல்லம்மா."

"சொல்லிடுங்க. ஆனா இந்தக் கதை மாதிரி சொல்லாதீங்க சார். நேரா சொல்லுங்க."

ஆகவே நேராகச் சொல்கிறேன். கேமராவை உடைத்தது நான். ஸ்டூல் போட்டு எடுத்தேன், கை நழுவியது. வாசலில் அப்பா குரல் கேட்டதும் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போர்வைக்குள் பாய்ந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த நீ லென்ஸைக் கையில் எடுத்தாய். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். அடிஸ்கேல் உடைகிறவரை அடித்தார். நீ வாயே திறக்கவில்லை. அந்த விடுமுறைக்கு உன்னைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகவில்லை, நான் மட்டும் போனேன். திரும்பி வந்ததும் நீ ஓடிவந்து எப்படி இருந்தது என்று கேட்டாய். "ஒண்ணுமில்லடா, நிறைய தண்ணி, அவ்வளவுதான்" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஏனென்றால் கதையில் உன்னை மன்னித்ததே நான்தான்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், முடிந்தால் என்னிடம் படிக்காமல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அண்ணி வாங்கி வாசித்துவிட்டாள். "இதைச் சொல்லவா இத்தனை பக்கம்? நமக்குக் கல்யாணமான புதுசுலயே உங்க தம்பி சொல்லிட்டாரே. போர்வைக்கு வெளிய உங்கப்பா ஷூ ரெண்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சாம். அப்பா பார்த்துடப் போறாரேன்னு உங்க தம்பிதான் ஓடிப்போய் இழுத்து மூடினாராம். அண்ணனா சொல்ற வரைக்கும் கேட்டுடாதீங்க அண்ணின்னார்" என்கிறாள். படம் எடுப்பவர் மாதிரி இருக்கட்டுமே என்று அப்பா ஷூவை மாட்டிக்கொண்டதை, நேராகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நான் மேலே எழுதவே இல்லை. ஆகவே மேற்படி கடிதத்தை வராத கடிதமாகப் பாவிக்கவும். பதில் போடு. போடும்போது எல்லாவற்றையும் விளக்கமாக, ஒன்று விடாமல் எழுது. எனக்கு இன்னும் சரியாக வாசிக்க வரவில்லை.