ரிம்முக்கு எதிரே நிற்பவர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூத்த மைத்துனன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான், தங்கை, குழந்தைகள் எல்லோரும் சுகம். உங்கள் மண் அள்ளும் லோடரின் முன் டயர் மட்டும் சுகமில்லை. ஃபோனில் சொன்னால் சிரிப்பீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது என்பதால் லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை லோடர் ரோடு வேலைக்குப் போய் நிற்காவிட்டால் அந்த வேலை கைமாறிவிடும், அதற்குள் யார்டுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஒன்று பார்த்து வையுங்கள் என்றீர்கள். சைக்கிளுக்குக் காற்றடித்தாலே மூச்சு வாங்குகிறவனிடம் சொன்னது உங்கள் பெருந்தன்மை. முதலில் கைப்பெட்டி அளவில் ஒன்று கொண்டு வந்தேன். அட்டையில் அழுத்தம் பிரமாதமாகப் போட்டிருந்தது. டயர் ஃபிட்டர் பார்த்துவிட்டு, "அண்ணே, அழுத்தம் இருந்து என்ன பண்ண? இந்த வயித்துக்குக் காத்து நெறைய வேணும். இத வெச்சு அடிச்சா என் பேரன் வந்துதான் வால்வ மூடணும்" என்றார். அதற்குள்ளாகவே அது கொதித்துப் படுத்துவிட்டது. அடுத்தது கரண்டில் ஓடுவது. வயர் எட்டுகிற இடத்துக்கு லோடர் வர வேண்டும், லோடர் வர டயரில் காற்று வேண்டும். கடைசியில், போன வருஷம் தவறிப்போன டயர்க்கடைக்காரர் வீட்டிலிருந்து, பெட்ரோலில் ஓடுகிற, சக்கரம் வைத்த பழைய மெஷின் ஒன்றை, ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி நேற்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை நன்றாகத்தான் அடித்தது. பெரிய டயருக்குக் காற்றடிக்கும்போது ரிம்முக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, டயரை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பூட்டு வளையம் தெறித்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். டயர்க்கடைக்காரர் போனதே அப்படித்தான். எனக்கோ வேடிக்கை பார்க்கிற புத்தி. எட்டிப் பார்க்க நேரே போனேன். மெஷின் நின்றது. விலகினேன், தானாக ஓடியது. விடுவேனா? "அது என்ன கதவா, தொறந்து தொறந்து மூட? இங்க வாங்க!" என்று ஃபிட்டர் கத்தும் வரை போவதும் வருவதுமாக இருந்தேன். அப்புறம் இருவரும் குழாயின் நீளத்துக்குத் தள்ளி நின்றோம். ரிம்முக்கு எதிரே ஈ காக்கை இல்லை.

மெஷின் நின்றது.

"பெட்ரோல் தீந்துருச்சோ?" என்றேன். "டேங்க் பாதி இருக்கு" என்ற ஃபிட்டரின் குரல் இறங்கிப் போயிருந்தது. "அண்ணே, கீழ பாருங்க." ரிம்முக்கு நேர் எதிரே, புழுதியில் என் வெறுங்கால் தடங்களுக்கு நடுவே இரண்டு செருப்புத் தடம். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிகால் பக்கம் மெல்ல அழுந்தியது, குனிந்திருந்தவர் நிமிர்ந்து எங்களைப் பார்க்கிற மாதிரி. "யாருய்யா அது, தள்ளு!" என்று ஃபிட்டர் அதட்டினார். தடம் அசையவில்லை. தள்ளிப் போனது நான்தான், ஃபிட்டரின் முதுகுக்குப் பின்னால்.

ஆகவே மாப்பிள்ளை, இந்த மெஷின் நமக்கு வேண்டாம். இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பெட்ரோலில் ஓடுகிற, நீளக் குழாய் உள்ள, சொந்தக்காரர் உயிரோடிருக்கிற மெஷினாக நீங்களே அங்கே பார்த்து இதே லாரியில் ஏற்றி அனுப்புங்கள். கையும் காலும் குறைவில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும் மைத்துனன்

பி.கு.: டயர்க்கடைக்காரரின் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, மெஷினைத் திருப்பிவிடுவதாகச் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கயா இருக்காரு? அதான் நேத்து வீட்டுல சத்தத்தையே காணோம்! ஒரு வருஷத்துல நேத்துதாங்க நிம்மதியாத் தூங்கினேன். தயவுசெஞ்சு திருப்பிக் கொண்டுவந்துடாதீங்க. அதட்டினா நகர மாட்டாரு, அவரு சுபாவம் அப்படி. டீ ஆறுதுன்னு சொல்லிப் பாருங்க" என்றார். சொன்னோம். தடத்தைக் காணோம், மெஷின் தானாக ஓடி டயர் நிறைந்துவிட்டது; லோடர் தயார். புது மெஷின் வேண்டாம். வரும்போது டீத்தூள் மட்டும் கொஞ்சம் தாராளமாக வாங்கி வாருங்கள்.